வெள்ளி நாணயத்தில் நிறம் ஏறுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், பல வருஷமாக அட்டை ஆல்பத்தில் கிடந்த வெள்ளி நாணயத்தை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம், உள்ளே வரவர ஊதா, சிவப்பு, நடுவில் பொன் மஞ்சள். யாரோ சாயம் பூசியது போல இருக்கிறது. எங்கிருந்து வந்தது?

பதில்: அதில் சாயமே கிடையாது. காற்றில் துளியூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மாதிரியான கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகப் படிகிறது. தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். வெளிச்சம் விழும்போது கொஞ்சம் படலத்தின் மேலேயே திரும்பிவிடும், கொஞ்சம் உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பும், இரண்டும் சேரும் இடத்தில் சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள மிச்சம் இருப்பது நம் கண்ணுக்கு வருகிறது. மழை நாளில் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் தெரியும் வானவில்லும் இதே கணக்குதான். ஆக நீங்கள் பார்ப்பது நிறம் என்பதைவிடக் கனம் என்று சொல்லலாம். உங்கள் ஆல்பத்தின் அட்டையில் இருந்த கந்தகம் விளிம்பு வழியாக வந்திருக்கிறது, அதனால் ஓரத்தில் படலம் தடிமன், நடுவில் மெலிசு.

கேள்வி: இது ஆக்ஸிஜன் பட்டு வருவதுதானே? எல்லாரும் ஆக்ஸிடேஷன் என்கிறார்களே?

பதில்: சொல்லிவிட்டுப் போகட்டும். சாதாரண வெப்பத்தில் வெறும் ஆக்ஸிஜன் வெள்ளியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கந்தகம்தான் ஆள், ஈரப்பதம் கூட்டாளி.

கேள்வி: இயற்கையாக வந்த நிறத்தையும் செயற்கையாக ஏற்றிய நிறத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒருமுறை நல்ல விலை கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

பதில்: முதலில் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படலம் வளர வளர வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, ஊதா, அடர் நீலம், பிறகு வெளிர் நீலம், மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு. இதில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது, ஏனென்றால் கனம் திடீரென்று எகிறாது. வெறும் வெள்ளை வெள்ளிக்குப் பக்கத்திலேயே, நடுவில் மஞ்சளோ சிவப்போ இல்லாமல், பளீரென்று நீலம் தொடங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். அடுத்தது எழுத்துகளைச் சுற்றிப் பாருங்கள். மெதுவாக ஏறிய நிறம் பல நாணயங்களில் எழுத்து, உருவம் இவற்றின் ஓரத்தை ஒட்டிக் கொஞ்சம் வெளிறி ஒதுங்கி நிற்கும், அவசரமாக ஏற்றியதில் பெரும்பாலும் அந்த ஒதுக்கம் இருக்காது. விளக்குக்கடியில் நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தால் அச்சடித்தபோது வந்த பளபளப்பு நிறத்துக்கு அடியிலும் உருண்டு ஓட வேண்டும். பெயின்ட் அடித்த மாதிரி நிறம் மேலே மிதந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், பொறுமையாகப் போலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் நிறுவனங்களே சில நாணயங்களை ‘நிறம் சந்தேகம்’ என்று திருப்பி அனுப்புகின்றன.

கேள்வி: மோர்கன் டாலர் என்கிற பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களில் மட்டும் ஏன் இவ்வளவு வண்ணம்?

பதில்: கித்தான் பைதான் காரணம். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921லும் அடித்த அந்த டாலர்களில் கோடிக்கணக்கானவை புழக்கத்துக்கே போகாமல், பைக்கு 1000 நாணயம் என்று கட்டி அரசுக் கருவூலத்தில் அடுக்கிக் கிடந்தன. பல பைகள் 1960களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தன. பையின் துணியைத் தொட்டுக்கொண்டு கிடந்த நாணயத்துக்கு நிறம் ஏறியது, அதன்மேல் பக்கத்து நாணயம் மூடியிருந்த பகுதி மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது. பிறை வடிவில் வண்ணம் பார்க்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான். சிலதில் துணியின் நெசவு கூடப் பதிந்திருக்கும், என்னைக் கேட்டால் அழகில் அதற்குத்தான் முதலிடம்.

கேள்வி: என்னிடம் புழங்கித் தேய்ந்த நாணயங்களும் இருக்கின்றன. அவற்றில் வெறும் சாம்பல் நிறம்தான் ஏறுகிறது.

பதில்: அப்படித்தான் ஏறும். புது நாணயத்தின் பரப்பில் அச்சின் அழுத்தத்தில் உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் இருக்கும், பளபளப்பு அவற்றால்தான் வருகிறது, வண்ணம் துலங்குவதும் அவற்றின்மேல்தான். தேய்ந்தால் கோடுகள் போச்சு. அதோடு கைரேகை, வியர்வை, அழுக்கு.

கேள்வி: அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் வைத்துக் கறுப்பை எடுக்கலாம் என்கிறார்களே அண்ணா?

பதில்: கரண்டிக்குச் செய்யுங்கள், நாணயத்துக்கு வேண்டாம். அந்த முறையில் சல்பைடு மறுபடி வெள்ளியாக மாறும், உண்மைதான், ஆனால் பழைய இடத்தில் பழைய மாதிரி போய் உட்காராது, மேற்பரப்பு மங்கிப்போகும். கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவங்கள் படலத்தோடு சேர்த்துக் கொஞ்சம் உலோகத்தையும் தின்னும். இரண்டு மூன்று முறை முக்கினால் பளபளப்பு செத்துவிடும். துணியால் தேய்ப்பது இதையெல்லாம்விட மோசம்.

கேள்வி: பிளாஸ்டிக் உறையில் வைத்த நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு. இதுவும் டோனிங் என்கிற இந்த நிறமேற்றம்தானா?

பதில்: இல்லவே இல்லை. அது பிவிசி என்கிற பிளாஸ்டிக்கில் செய்த உறையின் வேலை, விட்டால் உலோகத்தையே அரிக்கும். கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஊற வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, தேய்க்கவும் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வேறு சரக்கும் கலந்திருக்கும், அது உதவாது. பயப்படாதீர்கள், அசிட்டோன் சல்பைடு வண்ணத்தைத் தொடாது.

கேள்வி: இருக்கும் நிறம் அப்படியே நிற்க என்ன செய்வது?

பதில்: முழுசாக நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். மைலார் என்கிற பாலியஸ்டர் தாள் உறை அல்லது நாணயத்துக்கான கடின பிளாஸ்டிக் காப்ஸ்யூல், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், வாயுவை உறிஞ்சும் டார்னிஷ் தடுப்புத் தாள். ரப்பர், கம்பளி, செய்தித்தாள் பக்கத்திலேயே வரக்கூடாது. நான் சின்ன வயதில் நாணய உறைகளைக் கட்டாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன், ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான் என்பது அப்போது தெரியாது. மேலே இருந்த நாணயத்தின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, இன்னும் இருக்கிறது.

கேள்வி: அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டால் சீக்கிரம் வண்ணம் வருமாமே?

பதில்: வரும், அவித்த முட்டையிலிருந்து கந்தக வாயு வருகிறது. மலிவான வெள்ளித் துண்டு ஒன்றைப் போட்டு மணிக்கொருமுறை எட்டிப்பாருங்கள், நான் சொன்ன வரிசை கண்ணெதிரே நடக்கும். நிறுத்த மறந்தால் கறுப்பு. அதை இயற்கை வண்ணம் என்று யாரிடமாவது விற்றால் மட்டும் என்னிடம் பேச வராதீர்கள்.