இந்த நாணயம் யாரிடம் இருந்தது? பழைய சேகரிப்பின் பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பத்து ஆண்டுகளாக அமெரிக்க வெள்ளி நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். ஒரு வணிகரிடம் 1890களில் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அச்சான அரை டாலர்கள் இரண்டைப் பார்த்தேன். ஒரே ஆண்டு, ஒரே தரம். ஆனால் ஒன்றுக்குக் கால் பங்கு விலை கூடுதல். அது எலியாஸ்பெர்க் சேகரிப்பிலிருந்து வந்தது என்கிறார். பழைய ஏலச் சீட்டு ஒன்றையும் காட்டுகிறார். வெறும் பெயருக்காக இவ்வளவு கொடுப்பது சரிதானா? அந்தப் பெயர் உண்மைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்த நாணயம் எலியாஸ்பெர்கிடம் இருந்தது என்பதை உங்கள் கண்ணாலேயே உறுதிசெய்துகொள்ள முடிந்தால், கால் பங்கு கூடுதல் நியாயமான விலைதான். முடியாவிட்டால் பெயருக்காக எதுவும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். உறுதிசெய்யும் வழி இருக்கிறது. உங்கள் நாணயத்தைப் பொறுத்தவரை அது கடினமும் அல்ல. அதற்கு முன், அந்தப் பெயர் ஏன் விலை பெறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

லூயிஸ் எலியாஸ்பெர்க் பால்டிமோரைச் சேர்ந்த வங்கியாளர். அமெரிக்க நாணயங்களில் அன்று அறியப்பட்டிருந்த ஒவ்வோர் ஆண்டு, ஒவ்வொரு நாணயச்சாலை வகையையும் சேர்த்து, 1950இல் அந்தத் தொகுப்பை நிறைவு செய்தவர். ஆனால் உங்கள் அரை டாலரைப் பொறுத்தவரை எலியாஸ்பெர்க் என்ற பெயரைவிட அதன் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு பெயர் முக்கியமானது. 1942இல் அவர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து கிளாப் குடும்பத்தின் சேகரிப்பை அப்படியே வாங்கினார். அந்தக் குடும்பத்தின் தந்தையும் மகனும் 1890களிலேயே நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பி, அந்த ஆண்டு அச்சான நாணயங்களை வரவழைத்தவர்கள். எந்தக் கிளை நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் எழுத்துக் குறியைப் பார்த்துச் சேர்ப்பவர்கள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்ற அரை டாலர்கள் எல்லாம் கடைகளிலும் சட்டைப் பைகளிலும் தேய்ந்துகொண்டிருந்தபோது, இவர்களிடம் வந்தவை அச்சிலிருந்து இறங்கிய கோலத்திலேயே காகித உறைக்குள் போயின.

ஆகவே "ஒரே தரம்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு நாணயங்களும் உண்மையில் ஒன்றல்ல. தர எண் ஒன்றாக இருக்கலாம். பெயர் உண்மை என்றால், ஒன்று பெரும்பாலும் கிளாப்பின் கைக்கு வந்து, எலியாஸ்பெர்கிடம் போய், ஏலத்துக்கு வந்தது. நூறு ஆண்டுகளில் இரண்டே வீடுகள். மற்றொன்று எத்தனை கைகள் மாறியது, யார் அதைத் தேய்த்து மினுக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பழைய சேகரிப்பின் பெயர் முதலில் தருவது இதைத்தான்: நம்மைவிடக் கூர்மையான கண்ணுள்ள ஒருவர், நல்லவை இன்னும் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பலவற்றைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார் என்ற செய்தி.

அடுத்து, கைமாறிய வரலாறு ஒரு சாட்சியும் ஆகும். 1933ஆம் ஆண்டின் இருபது டாலர் தங்க நாணயம் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு அச்சானவை புழக்கத்துக்கு விடப்படவே இல்லை, உருக்கப்பட்டன. தப்பி வெளியே போனவை திருட்டுப் பொருள் என்பது அமெரிக்க அரசின் நிலைப்பாடு. ஆனால் எகிப்து மன்னர் பாரூக் 1944இல் ஒன்றை வாங்கியபோது, அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அமெரிக்க அரசே ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டது. 1952இல் பாரூக் அரியணை இழந்தார். 1954இல் கெய்ரோவில் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் இந்த நாணயம் மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அதைப் பற்றிய செய்தியே இல்லை. 1996இல் நியூயார்க்கில் ஒரு நாணயம் பிடிபட்டது. அது பாரூக்கினுடையது என்று வாதிட அந்த உரிமம் துணைநின்றது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2002இல் அது சுமார் 76 லட்சம் டாலருக்கும், 2021இல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. இதே ஆண்டின் வேறு பத்து நாணயங்கள் ஒரு குடும்பத்தின் வங்கிப் பெட்டகத்திலிருந்து வெளிவந்தன. நீண்ட வழக்குக்குப் பின், அவை அரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. அதே தங்கம், அதே அச்சு. ஆனால் பாரூக்கின் நாணயத்துக்கு இருந்த உரிமம் அவற்றுக்கு இல்லை.

பழங்கால நாணயங்களில் இந்தச் சாட்சி இன்னும் பெரிய பாரம் சுமக்கிறது. மண்ணைத் தோண்டித் திருட்டுத்தனமாகக் கடத்தப்பட்டவை சந்தையில் எப்போதும் உண்டு. பண்பாட்டுச் சொத்துகள் கடத்தப்படுவதைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. அந்த ஆண்டுக்கு முன்பே ஒரு சேகரிப்பில் இருந்ததற்கு அச்சில் ஆதாரம் உள்ள கிரேக்க நாணயத்தையும், நேற்று எங்கிருந்தோ முளைத்த நாணயத்தையும் பொறுப்புள்ள எவரும் ஒரே விலைக்கு வாங்க மாட்டார்கள். சந்தை இதற்குக் கூடுதல் விலை கொடுப்பதால் பொய்யும் கூடவே வருகிறது. சீசரைக் கொன்ற நாளைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்க நாணயம் ஒன்று, இரண்டு குத்துவாள்கள் பொறித்தது, 2020இல் லண்டன் ஏலத்தில் சுமார் 32 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அதற்குச் சொல்லப்பட்ட பழைய சேகரிப்பு வரலாறு புனைந்தது என்று பின்னர் தெரியவந்தது. 2023இல் நாணயம் கிரீஸ் நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. எனவே வணிகர் வாயால் சொல்லும் பெயரை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடமே யாராவது பொய் சொல்லியிருக்கலாம்.

விலையோடு சேராத ஓர் ஈர்ப்பும் இருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பதில்லை. சில பழைய ரோமானிய வெண்கல நாணயங்களில் கடுகளவு வெள்ளிக் கழுகு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அது மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பிரபு குடும்பம் ஒன்றின் சேகரிப்பு முத்திரை. எஸ்தே குடும்பம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கொன்சாகா குடும்பம் என்று பின்வந்த அறிஞர்கள் சொல்கிறார்கள். நாணயத்தில் துளையிட்டு முத்திரை பதிப்பதை இன்று யாராவது செய்தால் நாம் பதறிவிடுவோம். ஆனால் அந்தக் கழுகுள்ள நாணயத்தைக் கையில் வைத்திருக்கும்போது, ரோமானியப் பேரரசரோடு சேர்த்து, அவரை ஆசையோடு தேடிச் சேர்த்த இன்னொரு மனிதரும் நம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறார்.

ஜான் ஜே பிட்மன் என்பவரையும் எனக்கு மிகவும் பிடிக்கும். கோடக் நிறுவனத்தில் வேதிப் பொறியாளர், செல்வந்தர் அல்லர். 1954இல் வீட்டை அடமானம் வைத்துக் கெய்ரோவுக்குப் போய் பாரூக் ஏலத்தில் வாங்கினார். பெரும் பணக்காரர்களோடு பணத்தால் போட்டியிட முடியாததால் படிப்பால் போட்டியிட்டார். 1996இல் அவர் இறந்த பிறகு விற்கப்பட்ட அந்தச் சேகரிப்பு சுமார் 3 கோடி டாலர் பெற்றது. பிட்மன் வைத்திருந்த நாணயம் என்றால், விலையைப் பார்ப்பதற்கு முன்பே நான் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பேன்.

இனி உங்கள் நாணயத்துக்கு வருவோம். எலியாஸ்பெர்கின் தங்க நாணயங்கள் 1982இல் விற்கப்பட்டபோது ஏலப் பட்டியலின் அட்டையில் அவர் பெயரே இல்லை. அமெரிக்கத் தங்க நாணயச் சேகரிப்பு என்று மட்டுமே இருந்தது. மற்றவை அவர் பெயரிலேயே 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அரை டாலர்கள் 1997 ஏலத்தில் வந்தவை. வணிகர் காட்டும் சீட்டில் வேறு ஆண்டு இருந்தால் அது எலியாஸ்பெர்க் ஏலத்தின் சீட்டு அல்ல. ஆண்டு சரியாக இருந்தால், அந்தச் சீட்டில் உள்ள எண்ணைப் பட்டியல் நூலில் தேடி, விவரிப்பையும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏலப் பட்டியல்கள் பலவற்றை நியூமன் நாணயவியல் இணையவாயில் இலவசமாகப் படிக்கத் தருகிறது. 106 வயது வரை வாழ்ந்த மாபெரும் சேகரிப்பாளர் எரிக் நியூமனின் கொடை அது. அங்கே இல்லாவிட்டால் அச்சு நூலையே வாங்குங்கள். நூலுக்குக் கொடுக்கும் பணம், நீங்கள் தரவிருக்கும் கூடுதல் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

படத்தையும் நாணயத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது முதலில் நிறத்தைப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். வெள்ளியின் மேல் காலப்போக்கில் படியும் நீலமும் பொன்னிறமும் கைரேகை போலத் தனித்தன்மை உள்ளவைதான். ஆனால் ஏலத்துக்குப் பிறகு யாராவது அமிலக் கரைசலில் முக்கி எடுத்திருந்தால் அது போயிருக்கும். புதிய நிறம் செயற்கையாக ஏற்றப்பட்டும் இருக்கலாம். அழியாதவை சின்னஞ்சிறு காயங்கள். கன்னத்தில் ஒரு கீறல், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, விளிம்பில் ஒரு நசுங்கல் ஆகியவற்றில் மூன்று நான்கு அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால் அது அதே நாணயம். படத்தில் உள்ள ஒரு காயம் நாணயத்தில் இல்லாவிட்டால், அது வேறு நாணயம். நாணயத்தில் புதிதாகக் காயம் வரலாம். பழைய காயம் ஆறாது. நாணயத்தை அடிக்கும் அச்சில் ஏற்பட்ட விரிசலின் கோடுகளை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அதே அச்சில் அடித்த அத்தனை நாணயங்களிலும் அவை இருக்கும்.

பழங்கால நாணயங்களில் இந்த வேலை எளிது. சுத்தியலால் அடித்தவை என்பதால் ஒவ்வொன்றின் வெளிவடிவமும் வேறு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நூறாண்டுக்கு முந்தைய ஏலப் பட்டியல்களில் பெரும்பாலும் நாணயத்தைப் படம் எடுக்காமல், அதைப் பதித்தெடுத்த சுண்ணச் சாந்து வார்ப்பைத்தான் படம் எடுத்தார்கள். அதனால் நிறம் தெரியாது. ஓரமும் வெடிப்பும் அருமையாகத் தெரியும்.

நாணயத்தைச் சோதித்துத் தர எண் இடும் சான்றளிப்பு நிறுவனங்களின் மூடிய கடின உறையில் பழைய சேகரிப்பின் பெயர் அச்சாகியிருந்தால் அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் பெயர் இல்லாததால் பொய் என்று ஆகிவிடாது. கூடுதல் தர எண் கிடைக்கும் என்ற ஆசையில் உறையை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறார்கள். அப்படி உடைபடும்போது பெயரும் தொலைந்துவிடுகிறது. இப்படிப் பெயர் இழந்த நல்ல நாணயங்கள் நிறையவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய படங்களைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு, பெயருக்கான விலை கொடுக்காமலே பெயர் பெற்ற நாணயம் கிடைப்பது இப்படித்தான். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் வேலையும் இதுதான்.

எல்லாப் பெயரும் ஒரே எடை அல்ல. பாரூக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கியவர். அவருடைய நாணயங்களில் பல மினுக்கப்பட்டு மேற்பரப்பு கெட்டுப்போனவை. ஏலத்தில் அவை பெரும் கட்டுகளாக விற்கப்பட்டதால், படம் இல்லாதவற்றுக்கு அந்தப் பெயரை நிரூபிப்பதும் அரிது. அமெரிக்கச் செல்வந்தர் ரெட்ஃபீல்டின் பெயருள்ள வெள்ளி டாலர்கள் வேறு வகை. அவருடைய வீட்டில் கிடைத்தவை 4 லட்சத்துக்கும் அதிகம். அது குவியல், தேர்வு அல்ல. அந்த நாணயங்களை முதலில் விற்றபோது இட்ட உறையோடு இருந்தால் மட்டுமே பெயருக்கு ஏதாவது கொடுக்கலாம். அண்மையில் யாரோ தன் பெயரைச் சீட்டில் அச்சிட்டுக்கொண்டதற்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கினால், பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பழைய சீட்டும் நாணயத்தோடு வரும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். சீட்டைத் தனியே வைத்துக்கொண்டு நாணயத்தை மட்டும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சீட்டை நாணயத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். பழைய காகிதத்தில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். மென்மையான பிவிசி நெகிழி உறையும் கூடாது. அது பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். சீட்டு, ரசீது, பட்டியல் பக்கத்தின் நகல், நீங்களே எடுத்த தெளிவான இருபுறப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, கிளாப் (பட்டியல் அப்படிச் சொன்னால்), எலியாஸ்பெர்க், 1997 ஏல எண், வணிகர், உங்கள் பெயர், வாங்கிய நாள் என்று வரிசையாக எழுதிவையுங்கள்.

படத்தோடு பொருந்தவில்லை என்றால் வணிகரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். நேர்மையானவர் என்றால் விலையை மற்ற நாணயத்தின் அளவுக்கு இறக்குவார். அப்போதும் இரண்டில் எதன் மேற்பரப்பு உங்களுக்குப் பிடிக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.