பொண்ணோட நீச்சல் டைமிங் ஒரு வருஷமா முன்னேறவே இல்ல, நிறுத்திடலாமா? பெரிய சாம்பியன் யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஆகியிருக்குங்க. கீரன் பெர்கின்ஸ்னு தேடிப் பாருங்க, ஆஸ்திரேலிய நீச்சல் வீரர். நாங்க பிரிஸ்பேன்ல இருக்கோம், அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

உங்க பொண்ணுக்கு 13, 14 வயசு இருக்கும்னு நினைக்கிறேன். எங்க பொண்ணும் 400, 800 ஃப்ரீஸ்டைல்தான். 13 வரைக்கும் போட்டிக்குப் போட்டி டைமிங் குறைஞ்சுட்டே வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு, அப்புறம் ஏற ஆரம்பிச்சிருச்சு. உடம்பு மாறுற வயசு, தண்ணில அவ மிதக்கிற விதமே மாறுது, ஆனா கோச் அதெல்லாம் எங்ககிட்ட பேசவே இல்ல, ஒரு நாள் போர்டுல அவ பேரை கீழ் குரூப்ல எழுதிப் போட்டுட்டாரு. விடியக்காலைல போய் நின்ன பிள்ளை மத்த பசங்க முன்னாடி அதைப் படிச்சிருக்கா. கார்ல ஏறினவ வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறல.

அன்னிக்கு ராத்திரிதான் அவளை உக்காத்தி வச்சு 1996 அட்லாண்டா 1500 மீட்டர் ஃபைனலைப் போட்டுக் காட்டினேன். பெர்கின்ஸ் சின்ன வயசுல கண்ணாடிக் கதவுல மோதி கால் கிழிஞ்சு, அது தேறணும்னு நீச்சலுக்கு வந்தவர். 1992 பார்சிலோனால 18 வயசுல 1500 தங்கம், 14 நிமிஷம் 43.48 செகண்ட், உலக சாதனை. 1994ல அதையும் உடைச்சு 14:41.66, அதே ரேஸ்ல பாதி தாண்டும்போதே 800 மீட்டர் சாதனையும் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் சரிவு. 1996 செலக்‌ஷன்ல 400 மீட்டர் டீம்லயே இடமில்ல, அதுல உலக சாதனை அப்பவும் இவர் பேர்லதான் இருக்கு! 1500ல டேனியல் கோவால்ஸ்கிக்கு அடுத்து ரெண்டாவதா வந்து எப்படியோ டிக்கெட் கிடைச்சுது. ஒலிம்பிக்ஸ் ஹீட்ஸ்ல, அதாவது தகுதிச் சுற்றுல, எட்டாவது ஆளா, 0.24 செகண்ட்ல தப்பிச்சு ஃபைனலுக்கு வந்தாரு. எட்டாவதா வந்தா எட்டாவது லேன், சுவரை ஒட்டின ஓரம். வேகமானவங்க எல்லாம் நடுவுல, அங்கிருந்து பாத்தா அவங்க என்ன பண்றாங்கன்னே சரியாத் தெரியாது. மனுஷன் யாரையும் பாக்கல, முதல்லயே வேகத்தைப் பிடிச்சு அப்படியே 30 லெங்க்த்தும் (குளத்தோட ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் ஒரு லெங்க்த்) போனாரு. 14:56.40, தங்கம். வெள்ளி வாங்கின கோவால்ஸ்கி 6 செகண்டுக்கு மேல பின்னாடி.

கவனிங்க, அந்த டைம் அவரோட பழைய சாதனையை விட கிட்டத்தட்ட 15 செகண்ட் அதிகம். பழைய வேகம் திரும்பி வரல, ஆனாலும் ஜெயிச்சாரு. எனக்கு இந்த விஷயம்தான் பெருசு. 2000 சிட்னில கிராண்ட் ஹாக்கெட் தங்கம், இவர் வெள்ளி. மூணு ஒலிம்பிக்ஸ், மூணு தடவையும் 1500ல மெடல்.

"அவர் உலக சாதனையாளர், உன் பொண்ணு யாரு"ன்னு யாராவது கேப்பீங்க. அவ ஒலிம்பிக்ஸ் போவான்னு நான் எங்கயும் சொல்லலயே. நான் கோச்சும் இல்ல. டைமிங் ஏறின எல்லாருக்கும் திரும்பி வரும்னும் சொல்லல. ஏறிடுச்சுங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை முடிஞ்சுபோனவளா நடத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது நீங்க கேட்டது இல்ல. பொண்ணு நீந்துறான்னதும் நம்ம சொந்தக்காரங்க கேக்கிற முதல் கேள்வி டைமிங் பத்தியா? இல்ல. "இப்படி கருத்துப் போயிட்டாளே", "தோள் ஆம்பளப் பையன் மாதிரி அகலமாயிடுச்சே, நாளைக்கு எவன் கட்டுவான்". வீடியோ கால்ல அவ காது பட சொல்றாங்க. அந்தத் தோள் வர்றதுக்கு அவ எத்தனை காலைத் தூக்கத்தை விட்டிருக்கான்னு இவங்களுக்கு என்ன தெரியும்? பையன் நீந்தினா மட்டும் "உடம்பு நல்லா ஏறியிருக்கு". இப்பல்லாம் யாராவது அப்படி ஆரம்பிச்சா நான் ஃபோனை வச்சிடறேன். மரியாதை இல்லாதவன்னு பேர் வாங்கியாச்சு, பரவால்ல.

நிறுத்தலாமான்னு எங்ககிட்ட கேக்காதீங்க, அவகிட்ட கேளுங்க. நாங்க கேட்டோம். 400ஐ விட்டுடறேன், 800 மட்டும் வச்சுக்கறேன், கோச்சை மாத்துங்கன்னா. மாத்திட்டோம். புது கோச் டைமைப் பத்தி இப்போதைக்குப் பேசறதே இல்ல, ஒரு லெங்க்த்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் போடறான்னுதான் எண்ணிட்டு இருக்காங்க.