மச்சாளைக் கட்டினால் தங்கச்சியின் தோல் வருத்தம் பிள்ளைக்கும் வருமா?

தம்பி, அம்மாவின் அண்ணன் மகளைக் கட்டப் பேச்சு நடக்குது, தங்கச்சிக்கோ மீன் செதில் மாதிரித் தோல், பயமாயிருக்கு என்று எழுதியிருக்கிறீங்கள். பிறக்கும்போதே பிளாஸ்டிக் உறை சுத்தினது மாதிரி இருந்தாள் என்றால், அது லாமெல்லர் இக்தியோசிஸ் என்ற பரம்பரைத் தோல் வருத்தமாக இருக்கலாம். அதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளவருக்கு வெளியில் ஒன்றும் தெரியாது.

அப்படியென்றால் உங்கட அம்மாவிடம் பழுதான மரபணு ஒன்று இருக்கு. நோயில்லாத உங்களிடம் இருக்க 3இல் 2 வாய்ப்பு. மாமாவிடம் 2இல் 1, அதனால் அவரின் மகளான மச்சாளிடம் 4இல் 1. இருவரிடமும் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1தான். உங்கட 3இல் 2, மச்சாளின் 4இல் 1, பிள்ளையின் 4இல் 1, இந்த மூன்றையும் பெருக்கிப் பாருங்கோ, 24இல் 1 வரும். வெளியில் கட்டினால் இதைவிட மிகக் குறைவு. ஊர்ச்சனம் சொல்ற மாதிரி "கட்டாயம் வரும்" என்றில்லை, ஆனால் தட்டிவிடுகிற எண்ணும் இல்லை.

என்ர அக்காவின் மகனுக்கும் இதே வருத்தம். திருகோணமலையில் கச்சான் காத்து வீசுற நாளில் வேர்வை வராமல் உடம்பு கொதிக்கும். ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். கோணேசருக்கு நேர்த்தியும் வைச்சம். கைகொடுத்தது குளிப்பும் வஸ்லினும்தான்.

மச்சாளை முதலில் இழுக்காதேங்கோ. தங்கச்சியின் இரத்தத்தில் எந்த மரபணு பழுது என்று தெரிந்தால்தான் மச்சாளிடம் எதைத் தேடுவது என்று தெரியும். தோல் கிளினிக்கில் கடிதம் வாங்கி, கொழும்பு மருத்துவ பீடத்து மனித மரபியல் பிரிவில் கேளுங்கோ. கலியாண நாள் வைக்க முன்னம்.