பெட்டி போனாலும் வேலை போகவில்லை

மகள் பிசிஏ முடித்துவிட்டு ஸ்டோரேஜ் (தரவுச் சேமிப்பு) பக்கம் போக விரும்புகிறாள், எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொண்டால் ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மாறியது வேறு. முன்பு டிஸ்க், அதை இயக்கும் கன்ட்ரோலர், மென்பொருள் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பெட்டியில் பூட்டி வரும். இப்போது சாதாரண சர்வர்களின் டிஸ்க்குகளை மென்பொருள் ஒன்றாகத் திரட்டுகிறது. டிஸ்க் இப்போதும் கெடும், நெட்வொர்க் இப்போதும் அறுபடும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

அவள், இப்படிப் பல சர்வர்களின் டிஸ்க்குகளைத் திரட்டும் செஃப்பில் (Ceph) தொடங்கலாம். கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் ஆய்வில் பிறந்த திறமூல மென்பொருள் அது, காசு வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் தலா 4 ஜிபியில் மூன்று லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்), ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்று. டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) இருந்தால் செஃப் அதைத் தொடாது. பலர் முதல் நாளே இங்கேதான் சிக்குகிறார்கள். டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடி அதைக் கவனிக்கும் செஃப் நிரலான ஓஎஸ்டி ஒவ்வொன்றின் நினைவக இலக்கும் இயல்பாக 4 ஜிபி, அதை 1 ஜிபிக்குக் குறைக்க வேண்டும். மூன்று கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்: 0.05 நொடி விலகினாலே எச்சரிக்கை வரும்.

செஃப் ஒவ்வொரு தரவையும் வெவ்வேறு சர்வர்களில் மூன்று பிரதி வைப்பதால் 30 ஜிபியில் கைக்குக் கிடைப்பது 10 ஜிபிதான். அதையும் முழுக்க நிரப்ப முடியாது. ஓஎஸ்டி 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 95-இல் எழுதுவதே நின்றுவிடும்.

நிறுவியதோடு விட்டுவிடக் கூடாது. ஒரு கணினியை அணைக்கட்டும்: தரவு கிடைக்கும், ஆனால் மூன்றாம் பிரதியை வைக்க வேறு சர்வர் இல்லை. இரண்டாவதையும் அணைத்தால் எல்லாம் நிற்கும், ஏனென்றால் கணினிக்கு ஒன்றாக ஓடி மொத்த அமைப்பின் நிலையைக் கண்காணிக்கும் மூன்று மானிட்டர் நிரல்களில் பெரும்பான்மை இல்லை; பிரதியும் குறைந்தபட்ச அளவான இரண்டுக்குக் கீழே போய்விட்டது. இதை அவள் தாளில் வரைந்து விளக்க முடிந்தால் நேர்காணலுக்குப் பாதி தயார்.

வன்பொருளைத் தள்ளிவிட வேண்டாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டு டிஸ்க்கை மறைத்தால் செஃப்புக்கு அதன் உண்மை நிலை தெரியாது. அதனால்தான் டிஸ்க்கை அப்படியே நேரடியாகக் காட்டும் எச்பிஏ கார்டைக் கேட்கிறார்கள். மின்தடைப் பாதுகாப்பு இல்லாத மலிவு எஸ்எஸ்டி எழுதும் வேகத்தைக் கெடுக்கும். சர்வரில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 9000, சுவிட்சில் 1500 என்றால் இணைப்பைச் சோதிக்கும் சாதாரண பிங் போகும், பெரிய பாக்கெட் போகாது.

ஆகவே முதலில் லினக்ஸ், அடுத்து நெட்வொர்க், பிறகுதான் செஃப். பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் க்ளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பில்) டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு மாற்றிக் காட்டச் சொல்வீர்களா? வெறும் ஸ்லைடுதான் என்றால் சேர்க்க வேண்டாம்.