முதல் சத்தமே சொல்லிவிடும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: படம் ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்து சீட்டுக்காரர் ‘பேய்ப் படம்டா’ என்கிறார். அவர் சொன்னதுதான் சரியாகவும் இருக்கிறது. கதையே தொடங்காதபோது எப்படித் தெரிகிறது?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கதையை வைத்து அவர் கண்டுபிடிக்கவில்லை. கேமரா எங்கே நிற்கிறது, காதில் என்ன விழுகிறது என்பதை வைத்துச் சொல்கிறார்.

ஒரு பெண் ராத்திரி வேலை முடிந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கிறாள் என்று வையுங்கள். தலை முதல் கால் வரை தெரியும் வைட் ஷாட், நல்ல வெளிச்சம், பக்கத்து வீட்டு சீரியல் சத்தம், கைப்பையைக் கவிழ்த்துச் சாவி தேடல் என்றால் காமெடி. கதவு திறக்கும் முன்பே பாட்டின் முதல் வரி ஓடினால் காதல். முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி கேமரா, திரையின் மூலையில் தேதியும் மணியும் என்றால் த்ரில்லர். கேமரா அவளுக்கு முன்பே வீட்டுக்குள் போய் இருட்டில் காத்திருந்தால்? அதைத்தான் பக்கத்து சீட்டுக்காரர் பிடித்துவிட்டார். நான்கிலும் நடந்தது ஒன்றுதான்: பூட்டு திறந்தது.

சுறாப் படமான ‘ஜாஸ்’ (1975) டைட்டிலைப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் கேமரா ஊர்ந்து போகிறது, ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி ஒலிக்கின்றன. சுறா கண்ணில் படவே இல்லை. ஆனாலும் அந்த இசை வந்தால் சுறா வருகிறது என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னால் இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையையே மிரட்டும் காட்சியில் இந்த இசை கிடையாது. பொய்ச் சுறாவுக்கு அந்த இசையைக் கொடுக்கவில்லை. ஓப்பனிங்கில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

கேள்வி: 12 நிமிட த்ரில்லர் குறும்படம் எடுத்தோம். பார்த்தவர்கள் ‘ஃபேமிலி டிராமானு நெனச்சோம்’ என்கிறார்கள். ட்ரோனில் ஊர், அலாரம், பல் தேய்த்தல், காபி, அப்புறம்தான் கதை. இது ஒன்றரை நிமிடம். மறுபடி ஷூட் பண்ணப் பணம் இல்லை.
– ஈரோடு வாசகர்

பதில்: 12 நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் என்பது எட்டில் ஒரு பங்கு. இரண்டரை மணி நேரப் படமாக இருந்தால் கிட்டத்தட்ட 19 நிமிடம் பல் தேய்த்திருக்கிறீர்கள்.

வெட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. முதல் 45 விநாடியைச் சத்தம் இல்லாமல் சிலருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேறு சிலருக்குப் படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் கொடுங்கள். யூனிட் ஆட்கள் வேண்டாம், அவர்களுக்குக் கதை தெரியும். ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் ‘ஆபீஸ் போவான்’ என்று பதில் வந்தால் நோய் இரண்டிலும் இருக்கிறது.

ட்ரோன் ஷாட்டை முதலில் தூக்குங்கள். அது ஊரைக் காட்டுகிறது, பயத்தைக் காட்டவில்லை. பல் தேய்ப்பதும் போகட்டும். காபியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் ஒரு உறுத்தல் வேண்டும். தனியாக இருப்பவன் மேஜையில் இரண்டு டம்ளர் இருந்தால் போதும். ஒரு பொருளை மட்டும் நெருங்கிக் காட்டும் இன்சர்ட் ஷாட்தான்; அதே மேஜை, அதே டம்ளர், காலை வெளிச்சத்தில் பத்து நிமிட வேலை.

அடுத்து சத்தம். புதியவர்கள் வழக்கமாக ஒரு ‘உம்ம்ம்’ அடித்தளச் சத்தத்தைப் போட்டு த்ரில்லர் ஆக்கப் பார்ப்பார்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் அது வயிற்றைக் கலக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அந்த மாதிரித் தாழ்ந்த சத்தத்தைப் போன் ஸ்பீக்கர் ஏறக்குறைய எடுக்காது. குறும்படத்தைப் பலர் போனில்தான் பார்க்கிறார்கள். கடிகார முள், சொட்டும் குழாய், சங்கிலி போல மேல் சுருதிச் சத்தங்களை நம்புங்கள். இசையை முழுக்க நீக்குவதானால், அந்த அறையின் வெறும் சத்தம் ஒரு நிமிடமாவது பதிவு செய்து அடியில் ஓட விடவும். அது இல்லாத மௌனம் பயமாக இருக்காது, ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

கேள்வி: ஒரு வகைப் படமாக ஆரம்பித்து நடுவில் வேறாக மாற்றுவது ஏமாற்று வேலைதானே?
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: முன்கூட்டியே துப்பு கொடுக்காவிட்டால் ஏமாற்றுதான். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960, மிஷ்கினுடையது அல்ல) எடுத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸ் நகரம், வெள்ளிக்கிழமை மதியம் 2.43 என்று எழுத்து வருகிறது. ஒரு பெண் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். பணம் என்ன ஆகும் என்று நாம் பதறிக்கொண்டிருக்க, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் கதாநாயகியே கொல்லப்படுகிறாள். திருட்டுக் கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் டைட்டிலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சால் பாஸ் வடிவமைத்த சாம்பல் நிறப் பட்டைகள் பாய்ந்து வந்து எழுத்துகளையே துண்டாக்குகின்றன. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்பத்துக் கருவிகளை மட்டும் வைத்து விரட்டுகிறார். அதே இசை அவள் மழையில் கார் ஓட்டும்போது மறுபடி வருகிறது. காட்சி ‘திருட்டு’ என்று சொன்ன நேரம் முழுக்க, இசை ‘கொலை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாற்றப் போகிற ஜானரின் (பட வகையின்) விதையை ஒலியில் போட்டுவிட்டால், திருப்பம் வரும்போது ஆடியன்ஸுக்குக் கோபம் வராது.

கேள்வி: பாட்டு இல்லாமல் ஆரம்பித்தால் நம் ஊரில் படம் நிற்குமா?
– சேலம் வாசகர்

பதில்: 1954-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அப்போது வசூலில் தோற்றாலும், அந்தப் படம் பேரில் நின்றுவிட்டது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டுக்காகவே தியேட்டருக்குப் போன காலத்தில், ‘இங்கே வேலை துப்பறிவதுதான்’ என்பதை அந்த ஒரு வெடிச் சத்தம் சொல்லிவிட்டது.

கேள்வி: ‘சூப்பர் ஸ்டார்’ டைட்டில் கார்டும் ஜானரைச் சொல்கிறதா?
– வேலூர் வாசகர்

பதில்: ‘அண்ணாமலை’யில் (1992) தேவாவின் இசையோடு வந்த அந்தப் புள்ளி எழுத்துகள் யார் வருகிறார் என்றுதான் சொல்கின்றன. அதிரடியா, குடும்பக் கதையா என்று சொல்லாது. ஒரு சிக்கலும் உண்டு: விசில் அடங்கும் வரை எந்த வசனமும் கேட்காது. அடுத்த அரை நிமிடத்தில் முக்கியமான தகவல் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: ஹாரர் காமெடி எழுதுகிறேன். முதலில் சிரிப்பா, பயமா?
– கோவை வாசகர்

பதில்: பயம். முதல் மூன்று நிமிடத்தில் பேயை ஒருமுறை கேலி இல்லாமல் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் எந்த ஜோக்கிலும் பேய் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு ஓடும். பேயையே முதலில் கிண்டல் அடித்துவிட்டால் இடைவேளைக்கு மேல் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் முதல் சிரிப்பைப் பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளாதீர்கள். முழுப் பேய்ப் படம் என்று உட்கார்ந்தவருக்கு அந்த ஜோக், எழுதியவர் கை நழுவியதாகத்தான் தெரியும்.