ஓடுகிற போட்டுக்கு மராமத்து எதற்கு?

கேள்வி: மண்டபத்தில் உள்ள ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். அதனால் இடத்தை அடைக்காத, சின்னதான ஒரு டெர்மினல் எமுலேட்டரைத்தான் (சர்வருக்குக் கட்டளை தட்டும் ஜன்னல்) மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வந்ததும் ஆசையாக மாற்றக் குறிப்பைத் திறந்தால், 'கர்சர் ஓர் இடம் தள்ளி நின்றது சரிசெய்யப்பட்டது', 'ஜன்னலைச் சுருக்கினால் வரி குழம்பியது சரிசெய்யப்பட்டது', இவ்வளவுதான். புதிதாக ஒன்றுமே இல்லை. தமிழும் ஒழுங்காகத் தெரிவதில்லை. ஓடுகிற போட்டைக் கரையேற்றி மராமத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களா? இதை விட்டுவிட்டு வேறு டெர்மினலுக்குப் போய்விடலாமா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் என்றைக்காவது கடற்கரைப் பக்கம் ஒரு நடை போயிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். கரையேறி நிற்கிற விசைப்படகுகள் எல்லாம் தடை தொடங்கும்வரை கடலில் ஓடியவைதாம். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறார்கள், பலகை இடுக்கில் கலப்பத்து அடிக்கிறார்கள், பெயிண்ட் பூசித் திரும்ப இறக்குகிறார்கள். இறக்கிய பிறகு பார்த்தால் அதே போட்டு. 'என்ன அண்ணாச்சி, புதுசா ஒண்ணும் காணோமே' என்று போட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது.

சரி, உங்கள் டெர்மினலுக்கு வருவோம். பெயரை எழுதியிருந்தீர்கள், வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை அது.

எமுலேட்டர் என்றால் வேறொன்றைப் போல நடிப்பது. 1978-இல் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் கார்ப்பரேஷன் விற்ற விடி100 என்ற திரைப்பெட்டி, வரிக்கு 80 கட்டம், 24 வரி. அந்தப் பெட்டியை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்போம்? ஆனாலும் உங்கள் லேப்டாப்பில் ஓடும் நிரல் இன்றும் அதைப்போலத்தான் நடிக்கிறது. அதன் கோணல்களையும் சேர்த்துத்தான் நடிக்க வேண்டும். 80-ஆவது கட்டத்தில் எழுத்து விழுந்ததும் கர்சர் அடுத்த வரிக்கு ஓடிவிடாது. அடுத்த எழுத்து வரும்வரை அங்கேயே நிற்கும். இந்த ஒன்றைப் பிசகாகச் செய்தாலே போதும், நீளமான கட்டளை தட்டும்போது ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிவிடும். நீங்கள் அழிப்பதாக நினைப்பது ஓர் எழுத்து, உண்மையில் அழிவது வேறோர் எழுத்து. அதுவும் கம்பெனி சர்வரில். 'கர்சர் ஓர் இடம் தள்ளி' என்று நீங்கள் இளக்காரமாக எழுதினீர்களே, அது இந்த ரகம்.

என் கதை ஒன்று. சில வருடம் முன்பு இதழின் சந்தாக் கோப்புகளை ஒழுங்குபடுத்த, எங்கோ பார்த்த மூன்று வரிக் கட்டளையை எடுத்து டெர்மினலில் ஒட்டினேன். இரண்டாவது வரியில் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு எண்டர் தட்டலாம் என்று நினைப்பு. ஒட்டிய நொடியிலேயே மூன்று வரியும் ஓடி முடிந்துவிட்டன. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற குறியை நான் எண்டர் தட்டியதாகவே ஷெல் (டெர்மினலுக்குள் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) எடுத்துக்கொண்டது. தொண்டி, திருவாடானைப் பக்கத்து முகவரிகள் போயே போய்விட்டன. பழைய தபால் உறைகளைக் கிளறி ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தோம்.

இதற்கு வைத்தியம் மிகச் சின்னது. ஒட்டுகிற வாசகத்துக்கு முன்னால் 200 என்ற எண் கொண்ட ஒரு குறியையும், பின்னால் 201 என்ற எண் கொண்ட ஒரு குறியையும் டெர்மினல் சேர்த்து அனுப்பும். 'இது கையால் தட்டியது இல்லை, ஒட்டியது' என்று ஷெல்லுக்குப் புரிந்துவிடும். நீங்கள் எண்டர் தட்டும்வரை காத்திருக்கும். பேஷ் என்ற ஷெல்லில், 2020 டிசம்பரில் வந்த 5.1 பதிப்பில்தான் இது கேட்காமலே வேலை செய்யும்படி வந்தது. மாற்றக் குறிப்பில் இது ஒரு வரி. அன்றைக்கு என்னிடம் அந்த வரி இல்லை.

பாதுகாப்புப் பக்கம் இன்னும் மோசம். சர்வர் லாக்கை (நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவை) திறந்து பார்க்கிறீர்கள். அதில் வெளியாட்கள் என்னென்ன எழுத்தைத் திணித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. டெர்மினல் அத்தனையையும் வாங்கி வரைந்தாக வேண்டும். எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினல் எமுலேட்டர் 1984-இல் தொடங்கியது. 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரிக்கிறார். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒட்டு (பேட்ச்) எண்தான் பெயர். 2021 பிப்ரவரியில் வந்தது 366-ஆவது ஒட்டு. எழுத்தோடு ஒட்டும் குறிகளை வேண்டுமென்றே ஒரு தினுசில் கோத்து அனுப்பினால் எக்ஸ்டெர்ம் சுருண்டு விழும், எதிரியின் நிரல் உள்ளே ஓடவும் வாய்ப்பு உண்டு என்ற ஓட்டையை அது அடைத்தது. நம் புள்ளியும் ஒட்டும் குறிதான் என்பதைக் கவனியுங்கள். தூரத்துச் சர்வரோடு இணைக்கும் புட்டி (PuTTY) என்ற டெர்மினலை எடுத்துக்கொள்ளுங்கள்: 1999-இல் வெளியானது, 2024 ஏப்ரலில் வந்த பதிப்பின் எண் 0.81. கால் நூற்றாண்டாகியும் ஒன்றைத் தொடவில்லை! அந்த 0.81 எதற்கு வந்தது? சர்வருக்குள் நுழைய, கடவுச்சொல்லுக்குப் பதிலாக 521 பிட் ஈசிடிஎஸ்ஏ ரக டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு தடவையும் எடுக்கவேண்டிய ரகசிய எண்ணில் முதல் 9 பிட்டும் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தன. சுமார் 60 கையெழுத்து சிக்கினால் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அந்த ரகச் சாவியைப் பழைய புட்டியில் பயன்படுத்தியவரானால், பதிப்பை மாற்றினால் மட்டும் போதாது; சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்யுங்கள். இன்றைக்கே.

இனி தமிழ். இந்தப் புகாரில் மட்டும் நியாயம் இருக்கிறது.

டெர்மினல் திரை கோலப்புள்ளி மாதிரி; கட்டம் கட்டமாகத்தான் எழுத்து உட்காரும். 'பாம்பன்' என்று தட்டுங்கள். தமிழ் வாத்தியார் எண்ணினால் 4 எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் 7 குறி. அந்தக் குறிகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். திரைக் கட்டத்தில், எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும், பரவலாக இருக்கும் அகல அட்டவணைப்படி, 5. புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, காலுக்கு உண்டு. இதைவிட வேடிக்கை: யூனிகோடு வகைப்பாட்டில் இகரக் கொக்கி இடம் பிடிக்கும் குறி, ஈகாரக் கொக்கி இடம் பிடிக்காத குறி. ஆக 'மின்' 3 கட்டம், 'மீன்' 2 கட்டம். குறிலுக்கு நெடிலைவிட நீளம்! ஷெல் ஓர் அட்டவணையும் டெர்மினல் வேறோர் அட்டவணையும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், பேக்ஸ்பேஸ் தட்டத் தட்ட கர்சர் எங்கெங்கோ அலையும். 'தொண்டி' இன்னும் பாவம். தகரத்துக்கு இரு பக்கமும் வரவேண்டிய கொம்பும் காலும், குறி குறியாக வரையும் டெர்மினலில் இரண்டுமே வலது பக்கம் போய் ஒண்டிக்கொள்கின்றன.

பளபளப்பான, ஜிபியு (படம் வரையும் சிப்) கேட்கும் டெர்மினலுக்கு மாறலாம். உங்கள் லேப்டாப் தாங்கினால் மாறுங்கள், என்னிடம் அனுமதி வேண்டாம். கட்டம் அங்கேயும் கட்டம்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்று வருடமாகத் தமிழ் சரியில்லை என்கிறீர்களே, அந்த டெர்மினலை உருவாக்குகிறவருக்கு ஒரு புகார் எழுதினீர்களா? வாழ்நாளெல்லாம் லத்தீன் எழுத்தே தட்டுகிற மனிதருக்கு மீன் இரண்டா மூன்றா என்று எப்படித் தெரியும்? 'ஜன்னலைச் சுருக்கினால்' என்ற வரிகூட யாரோ ஒருவர் உட்கார்ந்து விவரமாக எழுதிய புகாரிலிருந்து வந்ததுதான். (நானும் எழுதியதில்லை. அதே டெர்மினலில் தொண்டி என்று தட்டும்போதெல்லாம் திட்டியதோடு சரி.)

'தமிழ் வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள்; அதை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது. பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், எந்த ஷெல் என்பது, அப்புறம் ஒரே ஒரு சொல். 'மீன்' போதும். அதைத் தட்டி இரண்டு தடவை பேக்ஸ்பேஸ் அடித்தபின் கர்சர் எங்கே நின்றிருக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று சொல்லி, திரையைப் படம் எடுத்தும் சேர்த்து அனுப்புங்கள். உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை. அனுப்பியதும் புகார் எண்ணை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். என் திரையில் தொண்டி தெரிகிற லட்சணத்தை நானும் படம் எடுத்து அதிலேயே சேர்த்துவிடுகிறேன்.