கனடாவில் ரோமத்துக்காகப் பொறி வைத்து விலங்கு பிடிக்க உண்மையிலேயே படித்துத் தேர்வு எழுத வேண்டுமா? அந்த வகுப்பில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

ஆம், எழுதத்தான் வேண்டும். ஒண்டாரியோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வசிப்பதும் அந்த வகுப்பில் படித்ததும் இங்கேதான். மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையில் பீவர்கள் அணை கட்டிப் பாதையைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்தன. எதைச் செய்தாலும் முறையாகக் கற்றுக்கொண்டு செய்வோம் என்றுதான் சேர்ந்தேன்.

பயிற்சி சுமார் 40 மணி நேரம். பயிற்றுநர்கள் பெரும்பாலும் காட்டிலேயே தொழில் செய்து பழகியவர்கள். 'பிடிப்பது எப்படி' என்பதுதான் பாடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். எதைப் பிடிக்கக் கூடாது, எப்போது பிடிக்கக் கூடாது, பிடிபட்டது எவ்வளவு விரைவாகச் சாக வேண்டும் என்ற மூன்றைச் சுற்றியே வகுப்பு நகர்கிறது.

பீவருக்கு வைக்கும் 330 என்ற பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சதுர இரும்புச் சட்டங்கள், இரு பக்கமும் கனத்த ஸ்பிரிங். விலங்கின் கழுத்தையோ மார்பையோ நொடியில் இறுக்கிக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது. மனிதக் கை அகப்பட்டாலும் விடாது. அதனால் கற்றுத் தருகிற முதல் வித்தையே கையை விடுவித்துக்கொள்வதுதான். கயிற்றை ஸ்பிரிங்கின் இரு வளையங்களிலும் கோத்து, ஒரு முனையைக் காலில் மாட்டி மிதித்துக்கொண்டு, மறு முனையை மற்றக் கையால் இழுக்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும், அதை அப்படியே பிடித்து வைக்கும் கொக்கியைப் போடலாம். பனிக்காலத்தில், கூப்பிட்டால் குரல் எட்டாத இடத்தில், தனியாக நிற்கும்போது இது தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதே பொறியின் நடுவில் விசைக் கம்பி இருக்கும்; அதில் இடித்தால்தான் பொறி மூடிக்கொள்ளும். அதை ஓரமாக நகர்த்தி வைத்தால், உடல் பருத்த பீவர் இடித்துக்கொள்ளும். ஒல்லியான நீர்நாய் பெரும்பாலும் இடிக்காமல் நீந்திப் போய்விடும். இரண்டும் ஒரே ஓடையில்தான் வாழ்கின்றன. சில அங்குல நகர்த்தலில் ஒரு நீர்நாயின் உயிர் தப்புகிறது. மார்ட்டன் என்ற மரமேறும் சிறு விலங்குக்கு வைக்கும் சிறிய பொறியைப் பெட்டிக்குள் அடக்கி, சாய்ந்த மரத்தில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவார்கள். இரை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் வானத்திலிருந்து கழுகு இறங்கிவிடும். இந்த வகுப்பு கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்த நுணுக்கங்கள்தான். படிக்காதவன் வைக்கும் பொறிக்கு நீர்நாய், கழுகு, பக்கத்து வீட்டு நாய் என்ற பேதம் கிடையாது.

பொறிகளுக்கும் சான்று உண்டு. 1991இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) காலைக் கவ்வும் பொறிகளுக்குத் தடை விதித்து, அவற்றைப் பயன்படுத்தும் நாடுகளிலிருந்து வரும் ரோமத்துக்கும் கதவை மூட முனைந்தது. அதன் பின் நடந்த பேச்சுகளில்தான் 1997இல் மனிதாபிமானப் பொறித் தரங்கள் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. அதன்படி கொல்லும் பொறியில் சிக்கிய விலங்கு, எர்மின் என்ற கீரி போன்ற சிறு விலங்கு என்றால் 45 விநாடியிலும், மார்ட்டன் என்றால் 2 நிமிடத்திலும், பீவர் போன்றவை 5 நிமிடத்திலும் மீளா மயக்கத்துக்குப் போய்விட வேண்டும். சோதித்த விலங்குகளில் குறைந்தது 80 சதவீதமாவது அந்த நேரத்துக்குள் மயங்கியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் 5 நிமிடம் மிக நீளம். அந்த வரம்பை இன்னும் குறைக்க வேண்டும் என்று வகுப்பிலேயே வாதிட்டேன், இன்றும் அதே கருத்துதான். ஆனால் வரம்பே இல்லாமல் இருந்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்.

தோலைப் பற்றிய பாடமும் வனவிலங்குப் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். குளிர் முற்றிய பிறகு எடுத்த தோலின் உட்புறம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தது நீலம் பாய்ந்திருக்கும், விலையும் போகாது. கொழுப்பை வழித்தெடுத்து, பீவர் தோலைப் பலகையில் நீள்வட்டமாக விரித்து ஆணியடிக்கவும், மார்ட்டன் தோலை உறை போல உரிக்கவும் கற்றுத் தருகிறார்கள். விலங்கைக் கொன்றுவிட்டுத் தோலைப் பாழாக்குவதைப் பயிற்றுநர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ரோமத்துக்காக உயிரைக் கொல்வதே தவறு என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அது நியாயமான நிலைப்பாடு. ஆனால் சட்டம் அனுமதிக்கும் வரை, பயிற்சி இல்லாத ஒருவர்கூடக் காட்டில் பொறியோடு நடக்கக் கூடாது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதை இணையவழியிலேயே நடத்துகின்றன. விதிகளை அப்படிப் படிக்கலாம். ஸ்பிரிங்கின் பலத்தைத் திரையில் உணர முடியாது.

நீங்கள் சேர விரும்பினால் மாகாண இயற்கை வள அமைச்சகத்திடம் உங்கள் பகுதிப் பயிற்றுநர்களின் விவரத்தைக் கேளுங்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது; உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு நிலத்தில் பதிவு பெற்ற பொறிப் பகுதி, அதாவது பொறி வைக்க ஒருவருக்கென்று ஒதுக்கப்படும் நிலம், எளிதில் கிடைக்காது. தனியார் நிலத்தில் என்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு வேறு வகுப்பு, வேறு உரிமம்.